ஏரியில தூண்டில் போடப் போறீங்களா? மொதல்ல மீன்பாசி குத்தகை பத்தி தெரிஞ்சுக்குங்க

ஏப்ரல் 15 ஆச்சுனா சென்னை காசிமேடு துறைமுகத்துல விசைப்படகு எல்லாம் கரையில கட்டிடுவாங்க, ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், வஞ்சிரம் விலைய கேட்டுட்டு வெறுங்கையோட திரும்பி வர்ற சீசன். தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கத்து பசங்களுக்கு ஏரி ஞாபகம் வர்றதும் அப்பதான். ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு பைக்கு, நாலு பேரு, தங்கூஸ் (தூண்டில் நரம்பு), முள்ளு, ஒரு டப்பாவுல மண்புழு, ஊத்துக்கோட்டை ரோட்டுல எங்க தண்ணி தெரியுதோ அங்க எறங்கிடறது. ஏரி கவர்மெண்ட்டுது தானே, யாரு கேக்கப் போறான்னு நானும் அப்படித்தான் நெனச்சேன்.

கேட்டாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கிராமத்து ஏரிக்கரையில உக்காந்து ஒரு மணி நேரம் கூட ஆகல, மூணு ஜிலேபி மீன் மாட்டியிருந்துச்சு, எக்ஸெல் வண்டியில ஒருத்தர் வந்து நின்னாரு. "யார கேட்டுப்பா போட்டீங்க? ஏலம் எடுத்து குஞ்சு விட்டு வச்சிருக்கேன், நீங்க பாட்டுக்கு புடிச்சினு போவீங்களா?" நான் "அண்ணே, சும்மா பொழுதுபோக்குக்கு தான்"னு இழுத்தேன். "உனக்கு பொழுதுபோக்கு, நான் வட்டி கட்டினு இருக்கேன்"னாரு. மீன் மூணும் தண்ணிக்கே போயிடுச்சு. அவரு பேசினது எரிச்சலா இருந்தாலும் வீட்டுக்கு வந்து விசாரிச்சப்போ தான் தெரிஞ்சுது, நியாயம் அவர் பக்கம் தான்.

விஷயம் இது தான். ஏரி அரசு சொத்து, தண்ணி பாசனத்துக்கு, ஆனா அதுல மீன் பிடிக்கற உரிமைய தனியா ஏலமோ டெண்டரோ விட்டு ஒருத்தருக்கோ ஒரு சங்கத்துக்கோ குடுத்துடுவாங்க. இதுக்கு பேரு தான் மீன்பாசி குத்தகை. குத்தகை எடுத்தவரு சொந்த காசுல கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விட்டு, காவலுக்கு ஆள் போட்டு, பல மாசம் காத்திருந்து தான் வலை போடுவாரு. அதனால "பொது ஏரி"ங்கற வார்த்தைய வச்சு அவர்கிட்ட வாதாடி பிரயோஜனம் இல்ல. அதே சமயம் அவருக்கு இருக்கறது மீன் மேல உரிமை மட்டும் தான். மீன் பிடிக்க வசதியா இருக்கும்னு மதகை தொறந்து தண்ணிய வெளியேத்தினா விவசாயிங்க சும்மா இருப்பாங்களா, ஊருக்கு ஊரு வர்ற சண்டையே இதுல தான்.

யார் குத்தகை விடறாங்கங்கறது ஏரியோட சைஸ பொறுத்தது. ஆயக்கட்டு, அதாவது அந்த ஏரி தண்ணியில பாயற நிலம், 100 ஏக்கருக்கு மேல இருந்தா அது நீர்வளத்துறை ஏரி, நம்ம ஆளுங்க இன்னும் பொதுப்பணித்துறை ஏரின்னு தான் சொல்வாங்க. அதுக்கு கீழ இருந்தா ஊராட்சி ஒன்றியத்து ஏரி. சின்ன குளம் குட்டை எல்லாம் ஊராட்சி கையில, அந்த ஏலப் பணம் ஊராட்சிக்கு ஒரு வருமானம். குத்தகைய பெரும்பாலும் பசலி கணக்குல போடுவாங்க, பசலி ஆண்டு ஜூலை 1ல தொடங்கி ஜூன் 30ல முடியும். நோட்டீஸ்ல பசலி 1433னு பாத்து முழிக்க வேணாம், கூட 590 சேத்தா 2023 வரும், அதாவது 2023 ஜூலைல ஆரம்பிச்ச வருஷம். ஆகவே ஜூன் மாசம் பர்மிஷன் குடுத்தவரே ஜூலைலயும் குத்தகைதாரரா இருப்பாருன்னு நெனச்சுட்டு போகாதீங்க.

புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம், அப்புறம் 2020ல தொறந்த கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை, இந்த அஞ்சும் நம்ம வீட்டு குழாய்க்கு வர்ற தண்ணி. இங்க "பரிசல்காரங்க புடிக்கறாங்களே"ன்னு கேட்டுட்டு நீங்களும் எறங்க கூடாது. மதகு பக்கம், ஷட்டர் பக்கம் ஆழம் எவ்ளோன்னு கரையில நிக்கறவனுக்கு தெரியாது, மழை சீசன்ல உபரி தண்ணி தொறந்தா அவ்ளோ தான். என்னைய கேட்டா இந்த அஞ்சையும் லிஸ்ட்ல இருந்தே எடுத்துடுங்க.

பழவேற்காடு பக்கத்துலயே இருக்குதே, அங்க போலாமேன்னு சிலர் சொல்வாங்க. அது உப்புத்தண்ணி ஏரி, பறவைகள் சரணாலயம் வேற, அங்க எந்த ஊர்க்காரங்க எந்த எடத்துல எந்த நாள் வலை போடணும்னு "பாடு" முறை தலைமுறையா நடக்குது. வெளியாளு புகுந்தா வம்பு. ஊருக்குள்ள இருக்கற ரெட்டேரி, கொரட்டூர் ஏரி பத்தி ஒரே வரி: கழிவுநீர் கலக்கற தண்ணியில புடிச்சத நான் சாப்பிட மாட்டேன்.

சரி, யார்கிட்ட கேக்கறது? ஊருக்குள்ள போனா டீக்கடையிலயே சொல்லிடுவாங்க, "இந்த வருஷம் மீன் ஏலம் யாருதுணா"ன்னு கேட்டா போதும். நேரா குத்தகைதாரர்கிட்ட பேசுங்க, இல்லனா ஊர்ப் பெரியவர்கிட்ட பணத்த குடுத்துட்டு அப்புறம் குத்தகைக்காரர்கிட்டயும் குடுக்கற கதையா ஆயிடும். டீக்கடையில தெரியலனா ஊராட்சி செயலர், இல்லனா விஏஓ. மாவட்ட அளவுல மீன்வளத்துறை உதவி இயக்குநர் ஆபீஸ் இருக்கு, திருவள்ளூர் மாவட்டத்துக்கு அது பொன்னேரியில, நமக்கு கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயின்ல போயிட்டு வந்துடலாம். வாயால சொல்ல மாட்டேன்னா தகவல் உரிமைச் சட்டம் இருக்கு, 10 ரூபா கட்டணம், 30 நாளுக்குள்ள பதில் தரணும், இந்த ஏரி யாருக்கு எத்தன வருஷத்துக்கு எவ்ளோ தொகைக்கு குத்தகைன்னு கேக்கலாம். ஒரு ஞாயித்துக்கிழமை தூண்டிலுக்கு இதெல்லாம் ஓவர் தான், ஆனா கேக்கற உரிமை இருக்கு.

பர்மிஷன் கெடச்சாலும் எப்படி வேணா பிடிக்கலாம்னு அர்த்தம் இல்ல. தோட்டா (வெடி) போடறது, தண்ணியில விஷ மருந்து கலக்கறது ரெண்டும் குத்தம், 1897ல வந்த இந்திய மீன்வளச் சட்டத்துலயே தடை இருக்கு, வெள்ளக்காரன் காலத்து தண்டனை ரெண்டு மாசம் ஜெயில் இல்லனா 200 ரூபா அபராதம்னு கேட்டா சிரிப்பு வரும், ஆனா கேஸ் கேஸ் தான். இன்னொண்ணு, முள்ளுல பெரிய மீசையோட ஆப்பிரிக்கன் கெளுத்தி மாட்டுனா "பாவம் உயிர்"னு கொண்டு போய் வேற ஏரியில விடாதீங்க. அத வளர்க்கவே தடை, விட்ட எடத்துல மத்த மீன் எல்லாத்தையும் தின்னுடும்.

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை பக்கம் மட்டும் கதை வேற. கோடையில கண்மாய் வத்தும்போது மீன்பிடி திருவிழான்னு வப்பாங்க, பெரியவர் வெள்ளத் துண்ட வீசுனதும் ஊத்தா கூடை, கச்சா வலைன்னு தூக்கினு ஊரே எறங்கும், வெளியூர்காரங்களும் பிடிக்கலாம். நம்ம பக்கம் அந்த வழக்கத்த நான் பாத்ததில்ல, பாத்திருந்தா இவ்ளோ எழுத வேண்டியதே இல்ல.

போறதுன்னா பிப்ரவரிக்கு மேல போங்க, தண்ணி எறங்கி மீன் ஒரு பக்கமா ஒதுங்கும். வண்டல் சேறு இடுப்பு வரைக்கும் உள்ள இழுக்கும், எறங்காம கரையில இருந்தே போடுங்க. அறுந்த தங்கூஸ சுருட்டி எடுத்துனு வந்துடுங்க, அது கொக்கு காலுல சுத்திக்கும்.

அந்த எக்ஸெல் அண்ணன்கிட்டயே அடுத்த வருஷம் போன் பண்ணி கேட்டுட்டு போனேன். ஆளுக்கு நூறு ரூபா வாங்கினாரு. "ஜிலேபி எவ்ளோ வேணா எடுத்துக்கோ, அது பெருகி என் கட்லா தீனிய தின்னுது. கட்லா மாட்டுனா மட்டும் முள்ள மெதுவா எடுத்துட்டு உட்டுடு"ன்னாரு. பதினோரு ஜிலேபி கெடச்சுது. கட்லா ஒண்ணு மாட்டுச்சு, ரெண்டு கிலோ இருக்கும், அவரு கரை மேல நின்னு பாத்துனே இருந்தாரு, விட்டுட்டேன்.