தரையில் கால் மாட்டிக்கொண்ட ஹெலிகாப்டர்

ஹெலிகாப்டர் விபத்து என்றதும் மலை, மேகமூட்டம், நடுவானில் என்ஜின் கோளாறு என்றுதான் நமக்குத் தோன்றும். தரையை விட்டு ஒரு முழம்கூட எழும்பாமல், நின்ற இடத்திலேயே கவிழ்ந்து நொறுங்கியவையும் உண்டு. பலத்த காற்றில் அசையாமல் இருக்கக் கட்டிவைத்த கயிற்றை, புறப்படும் முன் சுற்றிவந்து பார்க்காமல் விட்டாலே போதும். ஸ்கிட் எனப்படும் கால் சேற்றில் புதைந்திருந்தாலும் இதே கதிதான்.

அந்தச் சின்ன மறதி எப்படி அவ்வளவு பெரிய இயந்திரத்தைப் புரட்டுகிறது?

பைலட்டின் இடக்கையில் கலெக்டிவ் என்ற நெம்புகோல் இருக்கும். அதை உயர்த்தினால் மேல் விசிறியின் தகடுகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பி, தூக்குவிசை கூடும். வானில் ஹெலிகாப்டர் தன் எடைமையத்தைச் சுற்றியே சாயும். வலக்கையிலுள்ள சைக்ளிக் என்ற, சாய்வைக் கட்டுப்படுத்தும் கோலை அசைத்து நிமிர்த்திவிடலாம். ஒரு கால் தரையில் மாட்டிக்கொண்டால், அந்தக் கால் கதவின் கீல் மாதிரி ஆகிவிடுகிறது. மொத்த உடலும் அதைச் சுற்றித் திரும்பத் தொடங்கும்.

எடை கீழே பிடித்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். என்ஜின் ஓடாதபோது பிடித்துக்கொள்ளும். நன்றாகவே சாய்த்தால்தான் விழும். ஆனால் புறப்படும் நேரத்தில் தூக்குவிசை எடையைக் கிட்டத்தட்ட முழுவதும் தாங்கிவிடுகிறது. தடுக்க எதுவும் மிச்சமில்லை. அப்போது வெறும் 5 முதல் 8 டிகிரி சாய்வே எல்லை. அதைத் தாண்டினால் சைக்ளிக்கை எதிர்ப்பக்கம் முழுவதும் தள்ளினாலும் நிமிராது. இதை டைனமிக் ரோல்ஓவர் என்கிறார்கள். பெரும்பாலான அமெரிக்க ஹெலிகாப்டர்களில் வால் விசிறி உடலை வலப்பக்கம் தள்ளும். அதனால் வலது கால் மாட்டினால் ஆபத்து இன்னும் அதிகம்.

இன்னொரு அலட்சியமும் உண்டு. விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்போதே பைலட் இறங்கிப் போவது. கலெக்டிவ் தானாக மெல்ல மேலேறலாம், கூடவே என்ஜின் வேகமும் கூடும், ஆளில்லாமலே ஹெலிகாப்டர் கிளம்பிவிடும். ஹெலிகாப்டர் தயாரிக்கும் ராபின்சன் நிறுவனம் இதைத் தனிப் பாதுகாப்பு அறிவிப்பாகவே வெளியிட்டிருக்கிறது.

சரி, சாயத் தொடங்கிவிட்டது, என்ன செய்வது? மேலே தூக்கித் தப்பிக்கத்தான் மனம் துடிக்கும். அதுதான் கவிழ்த்துவிடும். கலெக்டிவைக் கீழே இறக்க வேண்டும், அதுவும் பதமாக. தடாலென்று இறக்கினால் தூக்கி நின்ற மறுகால் தரையில் மோதி, எதிர்ப்பக்கம் உருண்டுவிடும்.