பாலை உறைய வைக்கும் ஊதாப் பூ

"அடுத்த மாதம் மாட்ரிட் போகிறேன். முட்டைகூடத் தொடாத சைவம். அங்குள்ள சீஸ் கடைகளில் நான் சாப்பிட ஏதாவது இருக்குமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இருக்கிறது. ஸ்பெயினின் மிக அழகான சீஸ் ஒன்றே, டோர்ட்டா தெல் காசர், அவருக்காகக் காத்திருக்கிறது.

சைவர்களின் தயக்கம் நியாயமானது. சீஸ் செய்யப் பாலை உறைய வைக்கும் நொதி, வழக்கமாகக் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுகிறது. ஸ்பானிய மொழியில் இதன் பெயர் 'குவாஹோ'. ஆனால் மேற்கே எக்ஸ்ட்ரெமதுரா பகுதியில், 'கார்தோ' என்ற முட்செடியின் ஊதாப் பூவிலிருந்து சூலகத் தண்டுகளைப் பறித்து உலர்த்தி, நீரில் ஊற வைத்து, அந்தச் சாற்றைச் செம்மறியாட்டுப் பாலில் ஊற்றுகிறார்கள். வேறு எதுவும் வேண்டாம், பால் உறைந்துவிடும்.

எப்படி? கடம்பம் பூவைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் உருண்டை, சுற்றிலும் நீட்டி நிற்கும் மெல்லிய இழைகள். பாலிலுள்ள கேசீன் புரத உருண்டைகளும் ஏறக்குறைய அப்படித்தான். அளவு மட்டும் சராசரியாக 100 முதல் 200 நானோமீட்டர். வெளி இழைகள் கப்பா கேசீன் என்ற வகையைச் சேர்ந்தவை. அவற்றில் எதிர்மின்சுமை இருப்பதால் ஓர் உருண்டை இன்னொன்றை அண்ட விடாது. பால் பாலாகவே இருப்பது இந்த இழைகளின் தயவால்.

பூவிலுள்ள கார்டோசின் என்னும் நொதி, இழையை ஒரே இடத்தில் வெட்டுகிறது: 105-ஆம் அமினோ அமிலத்துக்கும் 106-ஆம் அமினோ அமிலத்துக்கும் நடுவில். கன்றின் வயிற்று நொதி வெட்டுவதும் அச்சு அசலாக அதே இடத்தில்தான்! ஒரு பூவும் ஒரு கன்றும் ஒரே முடிச்சைக் கண்டுபிடித்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. இழைகளில் பெரும்பகுதி வெட்டுப்படும் வரை பாலில் மாற்றமே தெரியாது. அதன் பிறகு மொட்டையான உருண்டைகள் கால்சியத்தின் துணையோடு ஒன்றையொன்று பற்றிக்கொள்ள, முழுப் பாலும் கட்டியாகிவிடுகிறது. எலுமிச்சை பிழிந்து பன்னீர் செய்யும்போது நடப்பது வேறு. அங்கே அமிலம் மின்சுமையையே அழித்துவிடுகிறது.

கன்று நொதி பெரும்பாலும் அந்த ஒரு வெட்டோடு அடங்கிவிடும். பூவின் நொதி அடங்காது. சீஸ் முதிரும் வாரங்களிலும் உள்ளே புரதத்தை நறுக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே இந்தப் பூவால் உறையும் டோர்ட்டா தெல் காசர், குறைந்தது 60 நாள் முதிர்ந்தபின், மேலே தோலும் உள்ளே குழம்புமாக நிற்கிறது.

வட இந்தியாவிலும் அமுக்கராவின் உறவுச் செடி ஒன்றின் காயால் பாலை உறைய வைக்கும் பழக்கம் உண்டு. சைவர்கள் இத்தனை பேர் வாழும் நாட்டில் இத்தகைய நொதிகளின் ஆய்வுக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மாட்ரிட்டில் 1916-இல் திறந்த சான் மிகேல் சந்தையின் இரும்புக் கூடம் பார்க்க அழகு. ஆனால் கூட்டம் நெரியும். சீஸுக்கென்றே போவதானால் சலமான்கா பகுதியிலுள்ள லா பாஸ் சந்தையை நான் சொல்வேன். "ஃப்ளோர் தே கார்தோ?" என்று கேளுங்கள், கார்தோ பூவா என்று பொருள். வாங்கிய டோர்ட்டாவைச் சில மணி நேரம் குளிர்பதனப் பெட்டிக்கு வெளியே வைத்து, மேல்தோலை மூடிபோல் வெட்டியெடுத்து, ரொட்டியால் தொட்டுச் சாப்பிடுங்கள். கடைசியில் நாக்கில் மெல்லிய கசப்பு தட்டும். பூ நறுக்கிப் போட்ட புரதத் துணுக்குகளின் கசப்பு அது.