சைலென்சரா, தணிப்பானா?

தைப்பூச விடுமுறைக்கு நியூசிலாந்திலிருந்து வந்திருந்தான் என் அக்காள் மகன். பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். ஒரு சாண் நீளத்தில், தடித்த டார்ச் லைட் போல, சாம்பல் நிற உருளை ஒன்று.

"இதுல எதை வாங்கலாம்னு பார்க்கிறேன் மாமா. லேசா இருக்கணும், நாளும் தாங்கணும். அம்மாகிட்ட சைலென்சர்னு சொல்லிட்டேன். யாரைடா சுடப் போறேன்னு கேட்டு ஒரே அழுகை."

அக்காளைக் குறை சொல்ல முடியாது. சினிமாவில் சைலென்சர் மாட்டுகிறவன் கொலைகாரன்தான். கோட்டுப் பையிலிருந்து எடுத்து நிதானமாகத் திருகுவான், 'புஸ்க்' என்று ஒரு சத்தம் வரும், அடுத்த அறையில் இருப்பவனுக்குக்கூடக் கேட்காது. பையன் இருப்பதோ தெற்குத் தீவில் ஓர் ஆட்டுப் பண்ணையில். வார இறுதியில் மலையேறி மான் வேட்டைக்குப் போவான். அங்கே வேட்டைக்காரர்கள் துப்பாக்கிக் குழலின் முனையில் இதை மாட்டிக்கொள்வது சர்வ சாதாரணம். அவன் தேடியது ஒரு கருவி, கூடவே அதற்கு ஒரு பெயர். கருவியைப் பற்றி எனக்கு அவ்வளவாகத் தெரியாது. பெயரைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று உட்கார்ந்தேன். பேசப் பேச இரண்டும் ஒன்றாகிவிட்டன.

முதலில் துப்பாக்கி. இதுவே நம் சொல் இல்லை. பாரசீகமும் துருக்கியும் பேசியவர்கள் வழியாக வந்தது. மலாய்க்காரர்களின் செனாப்பாங்கும் அப்படித்தான், டச்சுக்காரர்களின் 'ஸ்னாப்ஹான்' திரிந்து வந்தது. 'ஹான்' என்றால் சேவல். தீப்பொறி எழுப்பும் கல்லைக் கவ்விய சுத்தியல் சேவல் கொத்துவதுபோல் இறங்கியதால் வந்த பெயர் அது. நான் சிறு வயதில் இருந்த கெடா தோட்டத்தில் காட்டுப்பன்றி விரட்ட ஒரு கிராணியிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. அவர் அதை ஒருநாளும் துப்பாக்கி என்று சொன்னதில்லை, செனாப்பாங்தான். அவர் வெடி வைத்தால் லயத்து நாய்கள் அத்தனையும் ஒரு மணி நேரம் குரைக்கும். வயதான காலத்தில் அவருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காமல் போனது. காரணம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. வலது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்குக் குழல்வாயை நோக்கி இருப்பது இடது காது. வலது காதைத் தலையே மறைத்துக்கொள்ளும்.

சரி, சைலென்சருக்கு வருவோம். இந்தப் பெயரைப் பரப்பியவர் அமெரிக்கரான ஹைரம் பெர்சி மாக்சிம். 1909-இல் இதற்குக் காப்புரிமை பெற்று 'மாக்சிம் சைலென்சர்' என்றே விற்றார். இவருடைய தந்தைதான் 1884 வாக்கில் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கியவர். அதைச் சுட்டுச் சுட்டே செவிடானவர். அப்பன் கெடுத்துக்கொண்ட காதுக்கு மகன் மருந்து செய்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. மகனின் நிறுவனம் பிற்பாடு இயந்திரங்களின் புகைபோக்கிச் சத்தத்தைக் குறைக்கும் வேலைக்குத் திரும்பியது. மோட்டார் சைக்கிள் சைலென்சரும் துப்பாக்கி சைலென்சரும் உறவுக்காரர்கள்தான், இரண்டிலும் வேலை ஒன்றே. சூடாகச் சீறி வரும் காற்றைச் சில அறைகளுக்குள் அலைய விட்டு, ஆறவைத்து, மெதுவாக வெளியே அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் பைக்கில் இருப்பதைச் சைலென்சர் என்பார்கள். இங்கே நமக்கு அது எக்ஸோஸ். நள்ளிரவில் ஜெலுத்தோங் பக்கம் சில பையன்கள் எக்ஸோஸை மாற்றிக்கொண்டு பறக்கும்போது, அதற்கு 'மௌனமாக்குவது' என்று பொருள்படும் ஒரு பெயர் இருந்ததாக யாரும் நம்ப மாட்டார்கள்.

சைலென்சர் என்பது விற்பவன் வைத்த பெயர். லத்தீனில் 'சிலேரே' என்றால் பேசாதிருத்தல். ஆனால் இந்தக் கருவி எந்தத் துப்பாக்கியையும் பேசாதிருக்கச் செய்வதில்லை. மான் சுடும் ரைபிளின் வேட்டு, குழல்வாய் அருகே 160 டெசிபெல் அளவில் இருக்கும். இப்படிச் சட்டென்று வெடிக்கும் சத்தத்தில் 140-ஐத் தாண்டினால் காதுக்குக் கேடு என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. நல்ல கருவி 20 முதல் 30 டெசிபெல் வரை குறைக்கும். 30 என்றதும் ஐந்தில் ஒரு பங்குதானே என்று நினைக்கக் கூடாது. டெசிபெல்லில் ஒவ்வொரு பத்தும் பத்து மடங்கு. முப்பது குறைந்தால் ஒலியாற்றல் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். காது தப்பிக்க அது பெரிய உதவி. ஆனாலும் மிஞ்சுகிற 130 டெசிபெல் 'புஸ்க்' இல்லை, வேட்டுதான். பழகியவர்கள் இதை மாட்டிக்கொண்டும் காதுக்கு உறை போடுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. ரைபிள் சுடும்போது எழுவது ஒரு சத்தம் அல்ல, இரண்டு. குழல்வாயிலிருந்து பீறிடும் காற்றின் வெடி ஒன்று. குண்டு போகும் வழியெல்லாம் எழும் 'சடார்' மற்றொன்று. ஒலி காற்றில் நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகிறது. மான் சுடும் குண்டு 800 மீட்டரும் அதற்கு மேலும் போகும். ஒலியை முந்துகிற எதுவும் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் அந்தச் சத்தம் எழும். சாட்டையைச் சொடுக்கினால் கேட்கும் 'சடார்' இதே வகைதான், சாட்டை நுனி அந்த ஒரு கணத்தில் ஒலியை முந்திவிடுகிறது. குழல்வாயில் எதை மாட்டினாலும் இந்தச் சாட்டையடியைத் தொட முடியாது. குண்டு அதற்குள் வெளியே போய்விட்டதே.

அதனால்தான் பிரிட்டனில் இதை 'சவுண்டு மாடரேட்டர்' என்றார்கள். அமெரிக்கர்களில் பலர் இப்போது 'சப்ரெசர்' என்கிறார்கள், அவர்களுடைய சட்டத்தில் மட்டும் பழைய சைலென்சர் உட்கார்ந்திருக்கிறது. ஜெர்மன்காரர்கள் 'ஷால்டெம்ப்ஃபர்' என்கிறார்கள், ஒலியைத் தணிப்பது என்று பொருள். மலாயில் 'பெரெடாம் புன்யி', அதுவும் தணிப்பதுதான். பிரெஞ்சுக்காரர்கள் மௌனத்தை விடாமல் 'சிலான்சியோ' என்கிறார்கள். மொழிகள் இரண்டு கட்சியாக நிற்கின்றன. மௌனக் கட்சி பொய் சொல்கிறது. தணிக்கும் கட்சி பக்கம்தான் நான்.

தமிழில் இதுவரை அதிகம் புழங்கியது 'ஒலியடக்கி'. கலைச்சொல் பட்டியல்களிலும் இதைப் பார்க்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடக்குவது என்றால் முழுவதுமாக அடக்குவது. காளையை அடக்கினான் என்றால் அது பாதி துள்ளிக்கொண்டிருப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நம் ஊர் நாளிதழ்களில் 'நல்லடக்கம்' என்று எதைப் போடுகிறார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும். 'ஒடுக்கி' சப்ரெசருக்குச் சொல்லுக்குச் சொல் சரி, ஆனால் அடக்குமுறை, ஒடுக்குமுறை என்று அரசியல் வாடை அடிக்கிறது. 'அமைதியாக்கி' மறுபடியும் மௌனக் கட்சி.

மாடரேட்டரின் வேர் லத்தீன் 'மோடுஸ்', அதாவது அளவு. அளவுக்குள் வைப்பவர் மாடரேட்டர். தமிழில் இதற்கு அச்சாக ஒரு சொல் இருக்கிறது: மட்டு. மட்டுக்கு மிஞ்சியது, மட்டுமீறியது என்கிறோமே அந்த மட்டு. 'ஒலி மட்டுப்படுத்தி' என்று வைத்தால் பொருள் துல்லியம், ஆனால் வாயில் நுழையாது. மலை மேல் மூச்சிரைக்க நிற்கும் பையன் இதைச் சொல்லி முடிப்பதற்குள் மான் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போயிருக்கும்.

எனக்குப் பிடித்தது 'தணிப்பான்'. இதை நான் உண்டாக்கவில்லை. அணு உலையில் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கும் பொருளுக்கும் ஆங்கிலத்தில் மாடரேட்டர் என்றுதான் பெயர், தமிழ்நாட்டுப் பள்ளி இயற்பியல் நூல்கள் அதைத் தணிப்பான் என்றே எழுதுகின்றன. தாகம் தணிகிறது, கோபம் தணிகிறது, வெயில் தணிகிறது. எதுவும் அற்றுப்போவதில்லை, தாங்கும் அளவுக்கு இறங்குகிறது. இந்தக் கருவி செய்வதும் அதுவே. நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் தினமும் கையில் வைத்திருக்கும் 'அழிப்பான்' இருப்பதால் அந்த 'ஆன்' விகுதியும் அந்நியமாகத் தோன்றாது. ஆக, ஒலிதணிப்பான்.

பையன் கேட்டது பெயர் மட்டுமல்ல என்று சொன்னேன் அல்லவா. தணிப்பான் என்று ஏற்றுக்கொண்டுவிட்டால் எதை வாங்குவது என்பதும் பாதி தெளிந்துவிடுகிறது. மௌனம் வேண்டுமென்று தேடுகிறவன் இருப்பதிலேயே பெரிதாக, நீளமாக, கனமாக வாங்குவான். காதுக்கும் தோளுக்கும் (துப்பாக்கி உதைப்பதும் இதனால் குறையும்) போதுமான தணிப்பு வேண்டுமென்பவன் கிராம் கணக்குப் பார்ப்பான்.

அவன் குறிவைப்பது செம்மான் மட்டுமல்ல, 'தார்' என்ற மலையாடும்தான். இமயமலையிலிருந்து 1904-இல் அங்கே கொண்டுபோய் விட்டார்கள், பெருகிவிட்டது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டுக்கு ஒன்றுவிட்ட உறவு என்று அவனிடம் சொன்னபோது கொஞ்சம் சங்கடப்பட்டான். அந்த ஆடு நிற்கும் பாறைக்கு ஏறுகிறவனுக்கு எடை பெரிய விஷயம். அதிலும் குழல் நுனியில் ஏறும் எடை பையில் சுமக்கும் எடை போன்றதல்ல. தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: கம்பின் நுனியில் அரிவாள் கொஞ்சம் கனத்தாலும் கை கடுத்துவிடும். மூங்கிலை விட்டு அலுமினியக் கம்புக்கு மாறியது சும்மா இல்லை.

ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம், டைட்டானியம் 4.5, எஃகு 7.8. லேசான வேட்டைத் தணிப்பான்கள் 200 முதல் 400 கிராமுக்குள் இருக்கும். எஃகில் செய்தவை அதைத் தாண்டிப் போகும். அப்படியானால் அலுமினியம்தானே? நாளுக்கு இரண்டு மூன்று வெடி வைக்கும் வேட்டைக்காரனுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் சூடேறினால் அலுமினியம் பலமிழக்கும். திடலில் நின்று தொடர்ந்து சுடுகிறவனுக்கு ஆகாது, அவனுக்கு எஃகு. டைட்டானியம் இரண்டுக்கும் நடுவே, விலையில் மட்டும் நடுவே இல்லை. உள்ளே வரிசையாகத் தடுப்புத் தட்டுகள் இருக்கும். குழல்வாயை ஒட்டிய முதல் தட்டுதான் அத்தனை நெருப்பையும் முகத்தில் வாங்குவது. அதை மட்டும் எஃகிலும் மற்றதை லேசான உலோகத்திலும் செய்த வகைகள் உண்டு. எடையும் குறைய வேண்டும், ஆயுளும் வேண்டும் என்பவன் முதலில் அதைத்தான் விசாரிக்க வேண்டும். குழல் குட்டையானால் தட்டு இன்னும் சீக்கிரம் அரிக்கும்.

அடுத்தது மரை. திருகாணிப் புரிக்குத் தமிழ்ப் பட்டறைச் சொல். பழந்தமிழில் மரை என்றால் மான் இனத்தில் ஒன்று என்பதை நினைத்தால், மான் வேட்டைக் கருவியில் இந்தச் சொல் வந்து மாட்டியது வேடிக்கைதான். குழல் முனையில் வெட்டிய மரையும் தணிப்பானின் மரையும் ஒரே அளவாக இருக்க வேண்டும், குழல் துளைக்கு நேராகவும் இருக்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் குண்டு உள்ளே தட்டில் உரசிவிடும். சுடுமுன் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது அவசியம். மரை கழண்டவன் என்று நாம் திட்டுவது வேறு, அங்கே அது உண்மையாகவே ஆபத்து. தணிப்பானின் துளை குண்டின் பருமனுக்கு ஏற்றதா என்றும் பார்க்க வேண்டும். மாட்டியதும் குண்டு விழும் இடம் சற்று நகரும், குறியைப் புதிதாகச் சரிபார்க்காமல் மலைக்குப் போகக் கூடாது.

ஆயுளைக் கெடுப்பதில் வெடியைவிட மோசமானது ஈரம். வெடித்த காற்றிலுள்ள நீராவி உள்ளே குளிர்ந்து, கரியோடு சேர்ந்து தேங்கும். மாட்டியபடியே உறையில் போட்டு வைத்தால் தணிப்பானும் அரிக்கும், துப்பாக்கியின் குழல்வாயும் துருப்பிடிக்கும். கழற்றி, நிமிர்த்தி வைத்துக் காயவிட வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஊருக்கு வரும்போது ஒண்ணு கொண்டாந்து காட்டவா மாமா?" என்றான். வேண்டவே வேண்டாம் என்றேன். இது நியூசிலாந்து இல்லை. இங்கே 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி காற்றுத் துப்பாக்கிக்கே உரிமம் வேண்டும். 1971-இல் வந்த சுடுகருவிச் சட்டத்தின் தண்டனைகள் இன்னும் கடுமையானவை. படம் போதும்.

எழுதும்போது ஒன்று. 'ஒலித்தணிப்பான்' என்று ஒற்றுப் போட வேண்டியதில்லை. ஒலியைத் தணிப்பது என்ற இரண்டாம் வேற்றுமைத் தொகை, 'ஒலிபெருக்கி'யில் எப்படி 'ப்' வராதோ அப்படியே இங்கும் 'த்' வராது. பேச்சில் வெறும் தணிப்பான் போதும். பைக்கில் இருப்பது எக்ஸோஸாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அக்காளிடமும் தணிப்பான் என்றே சொல்லிவைத்தேன். "காய்ச்சலுக்கா?" என்று கேட்டாள்.