மொரீஷியஸின் தெற்குக் கரை: படம் எடுங்கள், இறங்காதீர்கள்

மொரீஷியஸுக்குச் சுற்றுலாக் குழுக்களை அழைத்துப் போவது என் வேலை. புதுமணத் தம்பதிகள், ஓய்வுபெற்றவர்கள், பேரன் பேத்தியோடு வரும் பெரியவர்கள் என்று எல்லா வயதிலும் வருவார்கள். அவர்களில் பலருக்கும் ரொம்பப் பிடித்துப்போவது தெற்குப் பக்கம் போகும் நாள்தான். க்யூர்பிப்பில் ட்ரூ ஓ செர்ஃப் எரிமலை வாய், கங்கா தலாவ் ஏரி, ஷாமரேலின் ஏழு வண்ண மண், கடைசியாக சூயாக் ஊரில் இருக்கும் க்ரி க்ரி கடற்கரை. அந்தக் கடைசி இடம் வந்தாலே என் பார்வை கடலில் இருக்காது, கூட வந்தவர்களின் கால்மேல்தான் இருக்கும்.

ஏனென்றால் அங்கே வருவதற்குள் இரண்டு மூன்று நாள் ஃப்ளிக் அன் ஃப்ளாக்கிலோ பெல் மாரிலோ குளித்திருப்பார்கள். இடுப்பளவு தண்ணீர், அடியில் மணல் தெரியும், குழந்தைகூட நிற்கலாம். இந்தத் தீவின் கடலே இப்படித்தான் என்று மனதில் பதிந்துவிடும். அந்த அமைதிக்குக் காரணம் கடல் இல்லை, பவளப்பாறை. எரிமலைக் குழம்பு ஆறி உருவான இந்தத் தீவைச் சுற்றிப் பெரும்பகுதிக்குப் பவளப்பாறை மதில் சுவர்போல வளர்ந்திருக்கிறது. கரையிலிருந்து பார்த்தால் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும் இல்லையா, அலை அங்கேயே உடைந்துவிடுகிறது, நாம் குளிப்பது அதற்கு உள்ளே தேங்கிய தண்ணீரில். கறுப்புப் பாறைத் தீவில் வெள்ளை மணல் எப்படி என்று கேட்பார்கள். அதுவும் பெரும்பாலும் பவளமும் கிளிஞ்சலும் பொடிந்து வந்ததுதான்.

க்ரி க்ரியில் அந்தப் பவளப்பாறை இல்லை. அங்கிருந்து தெற்கே அண்டார்டிகா வரைக்கும் கண்டம் எதுவும் கிடையாது, அத்தனை தூரத்தில் கிளம்பும் அலை நேராக வந்து பசால்ட் என்ற கறுப்பு எரிமலைப் பாறையில் மோதுகிறது. நம்மூரில் கத்திரி வெயில் கொளுத்தும் மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை அங்கே குளிர்காலம், தென்கிழக்குக் காற்றும் சேர்ந்துகொள்ளும், அலை இன்னும் உயரும். கீழே இறங்கப் படி இருக்கிறது, மணலும் இருக்கிறது, குளிப்பது ஆபத்து என்ற பலகையும் இருக்கிறது. பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு அப்படியே தண்ணீருக்குப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "தம்பி, மெரினாவுல பாக்காத அலையா? காலை மட்டும் நனைச்சுட்டு வந்துடுறேன்" என்றார். "ஐயா, மெரினாவுலயே இறங்காதீங்கன்னுதான் போலீஸ் சொல்லுது. ஒரு பத்து நிமிஷம் இங்கேயே என்கூட நில்லுங்க, அப்புறம் சொல்லுங்க" என்றேன். நின்றார். சின்னச் சின்ன அலைகளாக வந்துகொண்டே இருந்தது, அவருக்குப் பொறுமை போய்விட்டது. அப்புறம் ஒன்று வந்தது. அவர் போய் நிற்பதாகச் சொன்ன பாறை முழுசாக வெள்ளை நுரைக்குள் போய், தண்ணீர் வடிய வடியத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு மற்றவர்களை அவரே தடுத்துக்கொண்டிருந்தார்.

இதை நீங்களும் செய்யலாம். பாறைப் பக்கம் போவதற்கு முன்னால் நின்று கவனியுங்கள், பத்து நிமிடம் போதாது என்று தோன்றினால் இருபது நிமிடம். ஈரமாகப் பளபளக்கும் பாறை என்றால் அலை அங்கே வருகிறது என்று பொருள், வெயிலில் காய்ந்து சாம்பல் நிறத்தில் இருக்கும் பாறையிலேயே நின்றுகொள்ளுங்கள். கடலுக்கு முதுகைக் காட்டி செல்ஃபி வேண்டவே வேண்டாம். பக்கத்தில் இருக்கும் 'அழும் பாறை' வரை நடக்கும்போதும் இதேதான். பசால்ட் வழுக்கினால் சும்மா விழுந்து எழுவதில்லை, குழம்பிலிருந்து வாயுக் குமிழி வெளியேறிய இடமெல்லாம் ஓட்டையும் கூரான விளிம்புமாக இருக்கும், முழங்காலைக் கிழித்துவிடும். யாராவது தண்ணீரில் விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள், இருவரும் போய்விடுவீர்கள். மிதக்கிற எதையாவது வீசுங்கள், கண்ணை அவரிடமிருந்து எடுக்காதீர்கள், இன்னொருவர் உதவிக்கு அழைக்கட்டும். போலீஸ் 112, ஆம்புலன்ஸ் 114.

பக்கத்துத் தீவான ரீயூனியனையும் சேர்த்துப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே பிடோன் டி லா ஃபூர்னேஸ் என்ற எரிமலை இன்னும் குமுறிக்கொண்டிருக்கிறது. தீவு இளசு, பவளப்பாறை மேற்கில் கொஞ்ச தூரம்தான். சுறா தாக்குதல்களுக்குப் பிறகு 2013 முதல் பவளப்பாறைக்கு உள்ளேயும் அனுமதித்த இடங்களிலும் மட்டும்தான் குளியல்.

சரி, பவளப்பாறைக்கு உள்ளே பயமே இல்லையா என்றால், அங்கே வேறு பயம். ஒன்று, பாறைக்கு மேலாக உள்ளே வரும் தண்ணீர் இடைவெளி வழியாகத்தான் வெளியே போகும், அந்த இடத்தில் இழுப்பு அதிகம். படகுகள் போய்வரும் வாயில் எது என்று ஹோட்டலில் கேட்டு அந்தப் பக்கம் நீந்தாமல் இருங்கள். இரண்டாவது கல்மீன். லாஃப் என்று அங்கே சொல்வார்கள். பாசி படிந்த கல்லைப் போலவே அடியில் அசையாமல் கிடக்கும், மிதித்தால் முதுகு முள் குத்தி விஷம் ஏறும், வலியில் பெரிய ஆளே துடித்துப்போவார். தடித்த அடிப்பாகம் உள்ள வாட்டர் ஷூ போட்டால் ஆபத்து பெருமளவு குறையும், ரப்பர் செருப்பு உதவாது. குத்திவிட்டால் ஐஸ் வைக்காதீர்கள், கட்டு போடாதீர்கள், கீறாதீர்கள். பொறுக்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி, வெந்நீரில் காலை முக்கி வையுங்கள். குத்துப்பட்டவருக்குச் சூடு சரியாகத் தெரியாது, அதனால் இன்னொருவர் கைவிட்டுப் பார்க்க வேண்டும். அந்த விஷம் சூட்டில் சிதையும், அதனால் வலி குறையும். வலி குறைந்ததே என்று அறையிலேயே இருந்துவிடாமல் மருத்துவமனைக்குப் போங்கள், முள் உள்ளே ஒடிந்திருக்கலாம், டெட்டனஸ் ஊசியும் தேவைப்படலாம்.

இந்தத் தொழிலில் இருக்கும் நண்பர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பயணத் திட்டத்தில் க்ரி க்ரிக்கு நேராக 'கடற்கரையில் பொழுதுபோக்கு' என்று அச்சடிக்கிறார்கள், படித்தவர் துண்டும் மாற்றுத் துணியும் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார். 'காட்சி முனை, குளிக்க இடமில்லை' என்று எழுதுங்கள். பணம் கட்டுகிறவர்களும் முன்பதிவின்போதே ஒவ்வொரு கடற்கரைக்கும் பவளப்பாறை உண்டா, இறங்கலாமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.