பதுளை 133 கிலோமீற்றர்தான்

கொழும்பு கோட்டையிலிருந்து பதுளைக்குக் கோச்சிப் பாதை 292 கிலோமீற்றர். இரண்டு ஊரையும் நூல் பிடித்தாற்போல நேராக இணைத்தால் ஏறத்தாழ 133 கிலோமீற்றர்தான். மீதித் தூரம் மலையை வளைந்து வளைந்து ஏறி இறங்குவதற்கே போகிறது. தெமோதரையில் தண்டவாளம் ஒரு முழு வட்டம் அடித்து, சற்றுமுன் நின்ற நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைகிறது. விமானத்துக்கு இந்த வளைவு கிடையாது. ஆனாலும் மலையின் கணக்கு அதற்கும் உண்டு.

முதலில் தூரம். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து திருச்சிக்கு எவ்வளவு என்று பார்ப்போம். கட்டுநாயக்க வடக்கு 7.18, கிழக்கு 79.88 பாகை. திருச்சி 10.77, 78.71. வடக்கு வித்தியாசம் 3.59 பாகை, ஒரு பாகைக்கு 110.6 கிலோமீற்றர் என்று பெருக்கினால் 397 கிலோமீற்றர். கிழக்கு மேற்கு வித்தியாசம் 1.17 பாகை. நம் பக்கத்தில் அதற்குப் பாகைக்கு 110 கிலோமீற்றர் போட்டால் 129. இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள்: 417 கிலோமீற்றர். இலண்டன் போன்ற தூர ஊர்களுக்கு இது சரிவராது, பூமியின் உருண்டையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மணிக்கு 800 கிலோமீற்றர் வேகத்தில் 417 கிலோமீற்றரை அரை மணித்தியாலத்தில் கடந்துவிடலாம். டிக்கெட்டில் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் போட்டிருப்பார்கள். பிரேக் எடுத்து நகரும் கணம் தொடங்கி மறுமுனையில் நிறுத்தும் வரை எல்லாமே அதில் அடக்கம். தரையில் ஊர்ந்து போவதற்கே பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். கட்டுநாயக்க ஓடுபாதையில் தென்மேற்கு நோக்கி எழும்பினால் வடக்கே திரும்பச் சுற்ற வேண்டும். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக மணிக்கு 460 கிலோமீற்றருக்கு மேல் போவதில்லை. அதனால் பயணம் குறுகக் குறுக, சராசரி வேகமும் குறைகிறது.

அடுத்தது இறக்கம். ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் வேண்டும் என்பது விமானிகளின் மனக்கணக்கு. 33,000 அடியில் இந்தோனேசியாப் பக்கமிருந்து வரும் விமானம் கட்டுநாயக்கவுக்கு 99 கடல் மைல், அதாவது 183 கிலோமீற்றர் இருக்கும்போதே இறங்கத் தொடங்கும். கிழக்குக் கரையைத் தாண்டிச் சிறிது தூரம்தான் வந்திருக்கும். நுவரெலியாவில் பிதுருதலாகலைக்கு மேலே வரும்போது 54 கடல் மைல் மிச்சம். உயரம் 18,000 அடி.

இந்தக் கணக்கில் தூரம் பிழைத்தால் உயரமும் பிழைத்துவிடும். 1974 டிசம்பர் 4 இரவு, சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றி வந்த மார்ட்டின்எயார் டிசி 8 விமானம் நோட்டன் பிரிட்ஜ் அருகே ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரும் இறந்தார்கள். விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதைத் தவறாகக் கொண்டு, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியிருந்தார்கள். அந்த இடத்திலிருந்து கட்டுநாயக்க 40 கடல் மைல். உயரம் 13,000 அடியாக இருந்திருக்க வேண்டும். மோதியது ஏறத்தாழ 4,350 அடியில். ஓடுபாதைக்கு 13 கடல் மைல் இருக்கும்போது இருக்க வேண்டிய உயரம் அது.

தூரத்தை அளக்க ஒரு வானொலிக் கருவி இருக்கிறது. விமானம் ஒரு துடிப்பை அனுப்பும். தரை நிலையம் 50 மைக்ரோசெக்கன் பொறுத்துப் பதில் அனுப்பும். போய்வரக் கடல் மைலுக்கு 12.36 மைக்ரோசெக்கன். ஆகவே பதில் 544 மைக்ரோசெக்கனில் வந்தால், 50ஐக் கழித்து மீதியை 12.36 ஆல் வகுக்க, 40 கடல் மைல். அதற்கும் மேலே ஒரு காவல் உண்டு: பிதுருதலாகலையின் 8,281 அடியோடு 2,000 அடி கூட்டி, அந்த மலைகள் பின்னால் போகும்வரை அதற்குக் கீழே இறங்குவதில்லை.