பங்குதாரர் வேறு, ஸ்டேக்ஹோல்டர் வேறு

‘பங்குதாரர்களின் டிஜிட்டல் பங்கேற்புடன் நிலையான முடிவெடுத்தல்.’ கணக்கெடுப்புப் படிவம், பேனர், கையேடு என்று எதைத் தொட்டாலும் இந்த வாசகமோ இதன் தம்பியோ வந்து நிற்கிறது. கோத்தகிரியில் ஒரு டீக்கடை பெஞ்சில் இதைப் படித்துக் காட்டினால் என்ன புரியும்? பங்கு போட்டவர்கள் கூடி, இனி யாராலும் மாற்ற முடியாத ஒரு முடிவை எடுக்கப் போகிறார்கள் என்றுதான். சொல்ல வந்ததோ நேர் எதிர். தண்ணீர், குப்பை, கட்டடம் ஆகியவற்றைப் பற்றி ஊரே கைப்பேசி வழியாகக் கருத்துச் சொல்லி, பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் மலை தாங்கும்படி முடிவெடுப்பது. ஐந்து சொல்லில் இரண்டு தவறு. அதில் முதல் தவறுதான், ‘ஸ்டேக்ஹோல்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் ‘பங்குதாரர்’ என்று எழுதுவதுதான், பெரியது.

‘ஸ்டேக்’ என்றால் பணயம். 18ஆம் நூற்றாண்டில் இரு தரப்பின் பந்தயப் பணத்தையும் கையில் வைத்திருந்த பொது ஆள்தான் ‘ஸ்டேக்ஹோல்டர்’. இன்றைய பொருள் 1963இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தின் ஒரு குறிப்பில் தொடங்கி, 1984க்குப் பின் மேலாண்மை அறிஞர் எட்வர்ட் ஃப்ரீமேன் வழியாகப் பரவியது. அந்தச் சொல் எதற்காக எடுத்தாளப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். நிறுவனம் என்றால் ‘ஸ்டாக்ஹோல்டர்’ மட்டும், அதாவது பங்கு வைத்திருப்பவர் மட்டும் அல்ல. தொழிலாளி, வாடிக்கையாளர், சரக்குத் தருபவர், சுற்றியுள்ள ஊர் எல்லாம் கணக்கில் வர வேண்டும் என்பதற்காக, ஓசையில் அதை ஒட்டியும் பொருளில் அதற்கு எதிராகவும் நிறுத்திய சொல் அது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அதைப் ‘பங்குதாரர்’ ஆக்கினார்கள். எந்தச் சொல்லை மறுக்க அது வந்ததோ அந்தச் சொல்லாகவே!

‘தாரர்’ பாரசீகத்திலிருந்து வந்தது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அது எனக்குப் பொருட்டில்லை. தாசில்தாரும் மிராசுதாரரும் இருக்கிற ஊரில் இன்னொரு தாரருக்கு இடமிருக்கிறது. சிக்கல் ‘பங்கு’ என்பதில். பகு, பகுதி, பகிர் வரிசையில் வரும் சொல் அது. பிரித்துக் கொடுத்தால் நமக்கு வருவது பங்கு. நீலகிரியில் அது உயிரோடு புழங்குகிறது. கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையில் பங்குத்தொகை கட்டி உறுப்பினரான சிறு விவசாயியிடம் “நீங்கள் எவ்வகைப் பங்குதாரர்?” என்று படிவம் கேட்டால், அவர் ஃபேக்டரிப் பங்கைத்தான் நினைப்பார். அதே சரிவில் கூலிக்கு இலை பறிக்கும் பெண், தனக்குப் பங்கு ஏதுமில்லை என்று படிவத்தை மூடிவிடுவார். நீரோடை வற்றினால் முதலில் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கப் போகிறவர் அவர்தான். நேரில் நடக்கும் கூட்டமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் “உன்னையும்தான் கேக்கறாங்க” என்று சொல்லிவிடுவார். திரையில் அதற்கு ஆள் இல்லை. சொல் தவறினால் ஆள் போச்சு.

மாற்றாக ஓடும் சொற்களும் சுகமில்லை. ‘பங்காளர்’ என்று திருத்துகிறவர்கள் உண்டு. பங்காளியை மறந்துவிட்டார்கள் போலும். வரப்புத் தகராறும் வழக்கும் சேர்ந்தே நினைவுக்கு வரும். ‘ஆர்வலர்’ என்றால் விரும்பி வருபவர். வீட்டுக்கு மேலே மண் சரியக்கூடிய சரிவு இருப்பவருக்கு அதில் என்ன ஆர்வம்? ‘பயனாளி’ என்பது வாங்கிக்கொள்பவர். கேள்வி கேட்பவர் அல்லர். ‘பாதிக்கப்படுவோர்’ பரவாயில்லை, ஆனால் கட்டப் போகிறவரையும் அனுமதி தரப் போகிறவரையும் வெளியே விட்டுவிடுகிறது. வேர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு ‘பணயர்’ என்று ஆக்கினால் பணயக்கைதி போல ஒலிக்கும். ‘சம்பந்தப்பட்டவர்கள்’ நல்ல பேச்சுச் சொல்தான். ஆனால் காவல் நிலையச் செய்தியில் அதிகம் அடிபட்டு, குற்றவாளி வாசனை ஏறிவிட்டது. மிஞ்சுவது ‘தொடர்புடையோர்’. அழகில்லை, ஆனால் யாரையும் வெளியே தள்ளாது. யாருக்கும் இல்லாத பங்கைக் கொடுக்காது. கட்டுரைக்கும் அறிவிப்புக்கும் அது போதும். படிவத்தில் அதுவும் வேண்டாம். ஆட்களின் பெயரையே வரிசையாக எழுத வேண்டும். தோட்டத் தொழிலாளி, சிறு தேயிலை விவசாயி, காய்கறி விவசாயி, குதிரை வைத்திருப்பவர், விடுதி நடத்துபவர், வண்டி ஓட்டுபவர், வாடகைக்கு இருப்பவர்.

இணையப் படிவத்தின் ஊர்ப் பட்டியலிலும் இதே கோளாறு. தொட்டால் கீழிறங்கும் பட்டியலில் வருவாய்க் கிராமங்கள் மட்டும் இருக்கும். படகர் தம் ஹட்டியையும், தோடர் தம் மந்தையும், கோத்தர் தம் கோக்காலையும் அதில் தேடிக் களைத்துப் போவார்கள். ஊர் கிடைக்காதவர் முதலில் தெரியும் ஊரைத் தொட்டுவிடுவார். பிறகு வரைபடத்தில் எல்லாப் புகாரும் ஒரே இடத்தில் குவியும். ‘மற்றவை’ என்றொரு பெட்டியும், வரைபடத்தில் புள்ளி வைக்கும் வசதியும் இருந்தால் இது பாதி தீரும். பள்ளத்தாக்கில் சிக்னல் இல்லாமல் ஓ.டி.பி. காலாவதியான பிறகு வரும். ஆகவே எழுதியதைக் கைப்பேசியிலேயே சேமித்துவைத்துப் பின்னர் அனுப்பும் வழியும் வேண்டும். ‘500 எழுத்துக்குள்’ என்ற வரம்பும் ஏமாற்று. கணினி புள்ளியையும் கொம்பையும் தனியாக எண்ணும். ‘பங்குதாரர்’ நமக்கு 6 எழுத்து, அதற்கு 10. தமிழில் எழுதுபவருக்கு 500 என்பது ஏறக்குறைய 300தான்.

‘பங்கேற்பு’ நல்ல சொல். ‘பார்ட்டிசிபேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்திலும் ‘பங்கு எடுத்தல்’தான், பொருத்தம் அவ்வளவு கச்சிதம். அதை எங்கே ஒட்டுகிறார்கள் என்பதில்தான் வழக்கு. 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. அது எண்ணிக்கை, பயனுள்ள எண்ணிக்கைதான், ஆனால் அதில் யாருடைய கருத்தும் இல்லை. அதையும் ‘டிஜிட்டல் பங்கேற்பு’ என்று எழுதினால் சொல் செத்துவிடும். இணையவழிப் பங்கேற்புக்கான ஐ.நா. அளவுகோலில் தகவல் தருதல், கருத்துக் கேட்டல், முடிவில் சேர்த்தல் என மூன்று நிலைகள். மக்கள் பங்கேற்பை அளக்க ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் 1969இல் போட்ட ஏணியில் எட்டுப் படிகள். கருத்துக்கேட்பு 4ஆம் படி, கூட்டாளியாதல் 6ஆம் படி. நாலாம் படியில் நிற்பவரைப் ‘பங்குதாரரே’ என்று அழைப்பது, இரண்டு படி ஏற்றிவிட்டதாகக் காட்டும் பாவனை. பார்சிலோனாக்காரர்கள், ஊரார் கருத்துச் சொல்லி முடிவெடுக்கும் தங்கள் இணையதளத்துக்கு ‘டெசிடிம்’ என்று பெயர் வைத்தார்கள். கட்டலான் மொழியில் ‘தீர்மானிக்கிறோம்’. ஒரு வினைமுற்று, அவ்வளவே. நாமோ தொகைச்சொல் அடுக்கி உட்கார்ந்திருக்கிறோம்.

இரண்டாவது தவறு, ‘சஸ்டெயினபிள்’ என்பதற்கு வைத்த ‘நிலையான’. அதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டாம். ‘நிலையான வளர்ச்சி’ காதுக்குப் பழகிவிட்டது. ‘நிலையான முடிவு’ தமிழில் உறுதியான, அசையாத முடிவு. முடிவு அப்படி என்றால் கருத்து எதற்கு? ‘பேண்தகு’ என்பது புலவர் சொல், புரியும்படி பேச அது உதவாது. ‘நீடித்து நிற்கும்’ என்று விரித்து எழுதினால் குறைந்துபோவது எதுவுமில்லை. மொழிபெயர்ப்பைக் கடைசி வேலையாக வைப்பதால் வரும் வினை இதெல்லாம். 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

சிக்கனம் பேசுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. தமிழ் எஸ்.எம்.எஸ். ஒன்றுக்கு 70 குறிகள்தான், ஆங்கிலத்துக்கு 160. தொடக்கத்தில் எடுத்த அந்த ஐந்து சொல் வாசகம் மட்டும் இடைவெளியோடு 60 குறிகளை விழுங்கும், எந்த ஊர், என்ன விஷயம் என்று சொல்லாமலே. ‘குப்பைக் கிடங்கு எங்கே? 30ஆம் தேதிக்குள் சொல்லுங்கள்’ என்பது 52. அனுப்புநர் எண்ணுக்குப் பதிலாக எழுத்துகளைத் தலைப்பிட்டு எல்லோருக்கும் மொத்தமாக வரும் செய்திக்குப் பதில் அனுப்ப முடியாது என்பதால், பின்னால் ஒரு முக்காற்புள்ளி, ஓர் இடைவெளி, 10 இலக்கத் தொலைபேசி எண். மொத்தம் 64.