கல் பதித்த சதுக்கம் மாரி மழையை எப்படிக் குடிக்கும்?

யாழ்ப்பாணத்து மழையின் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். நிலம் தட்டை. ஆண்டு முழுதும் ஓடும் ஆறும் இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடுவது. ஆகவே நகரத்தில் பொதுச் சதுக்கம் அமைக்கும்போது முதலில் போடவேண்டியது தண்ணீர்க் கணக்கு.

1,000 சதுர மீற்றர் சதுக்கத்தில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 100,000 லீற்றர் தண்ணீர். வெறும் கொங்கிறீற்றுத் தரை அதை முழுவதும் றோட்டு வாய்க்காலுக்குத் தள்ளிவிடும். நீர் புகும் தரை அதைத் தன் அடியில் வாங்கி வைக்கும். ஒரே அளவான சல்லியை 30 சென்ரிமீற்றர் தடிப்புக்குப் பரப்பினால் அதில் ஏறத்தாழ 40 வீதம் வெற்றிடம். அதாவது 120 மில்லிமீற்றர் மழைக்கு இடமுண்டு. அதன்மேல் 5 சென்ரிமீற்றர் சிறுசல்லி, அதற்கும் மேல் 8 சென்ரிமீற்றர் தடித்த கற்கள். கற்களுக்கிடையே 6 முதல் 10 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, அதையும் சிறுசல்லியாலேயே நிரப்பவேண்டும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். பழக்கத்தில் மணலையோ கல்தூளையோ பரப்பி இறுக்கிவிட்டால் நீர் இறங்கும் வழி முதல் நாளே அடைபட்டுவிடும். உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லை உடைத்த சல்லியும் மென்மையானது, காலப்போக்கில் மாவாகும். கருங்கல் சல்லிதான் பொருத்தம். சரியாகப் போட்ட தரையிலும் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று மாதக்கணக்கில் புழுதியை அள்ளிவந்து கற்களுக்கிடையிலான நீக்கலில் நிறைக்கும். மாரி தொடங்குமுன், புரட்டாதியிலேயே, ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தேங்கி நின்றால் நீக்கலின் மேல் 2 சென்ரிமீற்றர் சல்லியைக் கிளறி எடுத்துப் புதிதாக நிரப்பவேண்டும்.

அடியிலுள்ள சல்லிப் படுக்கை எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை அயல் கிணறுகள் சொல்லும். மார்கழியில் நீர்மட்டத்தை அளந்து, படுக்கையின் அடி அதற்கு ஒரு மீற்றராவது மேலே நிற்கும்படி பார்க்கவேண்டும். கடலேரியை அண்டிய முற்றவெளிப் பக்கம் இது இலேசில் கிடைக்காது. நிலத்தடி நீரைத் தொட்ட படுக்கை மழைக்கு முன்னரே நிரம்பியிருக்கும். அங்கே ஆழத்தைக் குறைத்து, மிஞ்சும் நீரை ஆரியகுளம் போன்ற நகரக் குளமொன்றுக்கு அனுப்புவதே புத்தி.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. நம் சுண்ணாம்புக்கல்லில் வெடிப்பும் பொந்தும் அதிகம். நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். பாறையில் துளை போட்டு நீரை நேரே இறக்கினால் வாகன எண்ணெயும் நாய் எச்சமும் வடிகட்டப்படாமலே அயல் கிணற்றுக்குப் போய்விடும். வாகனத் தரிப்பிட நீரை முதலில் 45 சென்ரிமீற்றராவது மணல் கலந்த மண்ணும் புல்லும் உள்ள தாழ்ந்த பாத்தி வழியாக விடவேண்டும்.

மரத்துக்கு ஒரு மீற்றர் சதுரக் குழி தோண்டி வேம்பை நட்டால் வேர் இடமின்றிக் கல்லைத் தூக்கும். பரந்து நிழல் தரும் மரத்துக்குப் பத்துக் கன மீற்றருக்குக் குறையாத வேர்நிலம் வேண்டும். சதுக்கத்தில் அவ்வளவு மண் திறந்தபடி விட முடியாதாகையால், எடையில் ஐந்து பங்கு பெருஞ்சல்லிக்கு ஒரு பங்கு களித்தன்மையுள்ள தோட்டமண் கலந்து நடைதரைக்கு அடியிலும் நீட்டுவார்கள். சல்லி பாரத்தைத் தாங்கும். இடுக்கு மண்ணில் வேர் ஓடும். சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்து எளிதில் கிடைக்காததால் சில வெளிநாட்டு அழகு மரங்கள் நரம்பு மட்டும் பச்சையாக, இலை மஞ்சளாகி நிற்கும். வேம்பும் பூவரசும் அதைப் பொருட்படுத்தா.

சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நண்பகல் சூரியன் உச்சிக்கு வந்துவிடுவதால் கட்டட நிழல் அந்நேரம் உதவாது, மரக்கவிகைதான் உதவும். பின்னேர வெயில் மேற்கிலிருந்து சரிந்து வரும். வாங்குகளை மரத்துக்குக் கிழக்கே போட்டால் நாலு மணிக்கும் ஆள் இருப்பார்கள்.